நாஸ்கா மண்கலத்தின் நிறம்

கேள்வி: கொலம்பஸ் வருகைக்கு முன் பெரு நாட்டில் வனையப்பட்ட நாஸ்கா மண்கலம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். கை முளைத்த பெரிய மீன் ஒன்று அதில் பல வண்ணங்களில் தீட்டப்பட்டிருந்தது. இத்தனை நூற்றாண்டுகள் கடந்தும் நிறம் மங்காதது எப்படி? மீனுக்குக் கை எதற்கு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நாஸ்காக் குயவர்கள் தீட்டியது சாயம் அன்று, மண். இரும்பு மிகுந்த மண்ணிலிருந்து சிவப்பையும், மாங்கனீசுக் கனிமத்திலிருந்து கறுப்பையும், வெண்களிமண்ணிலிருந்து வெள்ளையையும் எடுத்து, நீரில் குழைத்து, கலத்தைச் சுடுவதற்கு முன்பே பூசினார்கள். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுட்டதால், நிறம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்காமல் கலத்தோடு கலமாக வெந்துவிட்டது. அதே தென் கடற்கரையில் அவர்களுக்கு முன் வாழ்ந்த பராக்காஸ் மக்கள், கலத்தைச் சுட்ட பின்னரே, கீறிய கோடுகளுக்குள் பிசின் கலந்த வண்ணத்தை நிரப்பினார்கள்; அந்த வண்ணம் எளிதில் உதிரக்கூடியது. தீட்டும் வேலையைச் சூளைக்கு முன்னால் நகர்த்திய இந்த ஒரு மாற்றத்தையே நான் நாஸ்காக் குயவர்களின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். பத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் அவர்கள் கைவசம் இருந்தன. இத்தனைக்கும் அவர்களிடம் குயவர் சக்கரம் கிடையாது; நம் கெண்டியின் மூக்கைப் போன்ற இரண்டு மூக்குகளை வைத்து, நடுவே பாலம்போல் ஒரு பிடியால் இணைத்த கலங்களையும் கையாலேயே உருவாக்கினார்கள்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கிலமாக இருக்கும். பசிபிக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்குக் கடலின் மிக வலிய வேட்டை விலங்கு அதுவே. அந்த வலிமையை மனிதச் செயலாகக் காட்டவே கை வரையப்பட்டது என்று கொள்ளலாம். படத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள்: அந்தக் கையில் ஒரு கத்தியோ, முடியைப் பற்றித் தூக்கிய மனிதத் தலையோ இருக்கும். இது வெறும் கற்பனை அன்று. நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்த, உதடுகளை முள்ளால் தைத்து மூடிய உண்மையான தலைகள் அப்பகுதி அகழாய்வுகளில் கிடைத்துள்ளன.

தொடக்ககாலக் கலங்களில் பூவில் தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டை இன்ன பறவை என்று உடனே சொல்லிவிடலாம். காலம் செல்லச் செல்ல உருவங்கள் சுருங்கிக் குறியீடுகளாயின. அந்த ஓர்க்காவும் பிற்காலக் கலங்கள் சிலவற்றில் உடலை இழந்து, பல் வரிசையும் செந்நிறம் தீட்டிய திறந்த வாயுமாக மட்டுமே நிற்கிறது.