கணினிக்குள் 'கர்ர்' சத்தமும் 'டிக் டிக்' சத்தமும்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் போட்டோ கொப்பி, டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையிலுள்ள மேசைக் கணினி காலையில் போட்டவுடன் 'கர்ர்' என்று கத்தும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். இப்போது கொஞ்ச நாளாகப் பைல் திறக்கும்போது 'டிக்... டிக்...' என்றும் கேட்கிறது. அந்த நேரம் திரை அப்படியே நின்றுவிடுகிறது. திருத்துகிற இடத்தில் பவர் சப்ளையை, அதாவது கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு பென் டிரைவை எடுத்து, தொலைந்தால் திரும்பக் கிடைக்காத பைல்களை அதில் கொப்பி பண்ணுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு சத்தமும் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. காலையில் கத்துவது பெரும்பாலும் விசிறி. 'டிக் டிக்' பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க், உங்கள் பைல்களெல்லாம் இருக்கும் பாகம். விசிறி போனால் சின்னச் செலவோடு முடிந்துவிடும். டிஸ்க் போனால் உங்கள் கடையின் வேலை முழுவதும் அதோடு போய்விடும். பெரிய சத்தத்தைத் திருத்தியதும் மனம் ஆறிவிடுகிறது, சின்னச் சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது, சிலவற்றில் 5400. அதன்மேல் தொடாமல், மயிரிழையை விடக் குறைந்த இடைவெளியில், வாசிக்கும் முனை அங்கும் இங்கும் ஓடுகிறது. நல்ல டிஸ்க்கிலும் மெல்லிய 'கறகற' கேட்கும். ஆனால் அது ஒழுங்கில்லாமல் வரும், வேலை முடிந்தால் நின்றுவிடும். பழுதாகும் டிஸ்க்கின் 'டிக்' அப்படியில்லை, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். தேடிய இடத்தை வாசிக்க முடியாமல் முனை பின்வாங்கி மறுபடி முயல்கிறது. அதுவரை விண்டோஸ் காத்திருக்க வேண்டும், திரையும் நிற்கிறது. உங்களுக்குச் சத்தமும் திரை நிற்பதும் ஒன்றாக வருகின்றன. அதுதான் எனக்குக் கவலை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் டிஸ்க் மோசம். நீலம் காட்டினாலும் 'டிக்' தொடர்ந்தால் காதையே நம்புங்கள், எல்லாப் பழுதையும் அந்த மென்பொருள் முன்கூட்டிப் பிடிக்காது. கொப்பி எடுத்து முடியும்வரை விண்டோஸின் டிஸ்க் திருத்தும் வசதிகளை ஓட விடாதீர்கள். நோயுற்ற டிஸ்க்கை அது இன்னும் கடுமையாக வேலை வாங்கும். சிலர் டிஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்பார்கள். நம்முடைய ஈரக்காற்றில் வெளியே எடுத்தவுடன் வியர்த்து, இருக்கிற உயிரும் போய்விடும்.

சரி, பவர் சப்ளையைச் சொன்னவர் சொன்னது முழுக்கத் தவறா? அப்படியும் சொல்ல முடியாது. மின்சாரம் ஒழுங்காகப் போகாவிட்டால் நல்ல டிஸ்க்கும் நின்று நின்று சுற்றத் தொடங்கும், அப்போதும் 'டிக்' கேட்கும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கொப்பி எடுத்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டுங்கள். அங்கேயும் 'டிக்' வந்தால் பவர் சப்ளை மேல் பிழை இல்லை. வராவிட்டால் அவர் சொன்னபடி மாற்றலாம். ஆனால் பவர் சப்ளையை நீங்களே திறந்து பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய மணம் வந்தாலோ 'பட்' என்று வெடித்தாலோ சுவரிலேயே சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில், வோல்டேஜைச் சரிப்படுத்துகிற யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் 'டக்' என்று மாறும். மேசைக்குக் கீழிருந்து வருவதால் கணினி என்றே தோன்றும்.

இனி விசிறி. போட்டவுடன் கத்தி, சூடேறியதும் அடங்குவது பெயரிங்கில் எண்ணெய் காய்ந்ததன் அடையாளம். நம் பக்கம் இது சீக்கிரமே வரும். கச்சான் அடிக்கிற மாதங்களில் தூசு உள்ளே போகும், மாரியில் ஈரம் ஏறி அதே தூசு கட்டியாகிவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற உங்கள் ஊரில் உப்புக்காற்றும் சேர்கிறது. படுவான்கரையில் சூடடிக்கிற காலத்தில் கணினியைத் திறந்தால் நெற்தூசு பஞ்சு மாதிரி வரும்.

எந்த விசிறி என்று கண்டுபிடிக்கப் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டுக் காலையில் போடுங்கள். சுருட்டிய தடித்த காகிதத்தின் ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையை ஒவ்வொரு விசிறிக்கும் அருகில் கொண்டுபோங்கள், ஆனால் தொடவிடாதீர்கள். சந்தேகமான விசிறியின் நடுப்பகுதியை, இறக்கையை அல்ல, ஒரு பென்சிலின் அழிறப்பர் முனையால் இரண்டு விநாடி மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் அதுதான். பவர் சப்ளையின் விசிறியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அதன் கம்பி வலைக்குள் எதையும் நுழைக்கவே கூடாது. சில நேரம் விசிறியில் ஒரு பிழையும் இருக்காது, ஒரு கேபிள் இறக்கையில் உரசிக்கொண்டிருக்கும். அதை ஒதுக்கிக் கட்டினால் போதும்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். காற்றடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பெயரிங் கெடும். ஸ்டிக்கரைத் தூக்கினால் அச்சு தெரிகிற விசிறிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் பசையாகி இன்னும் தூசு பிடிக்கும். எண்ணெய் விட்டது கொஞ்சக் காலத்துக்குத்தான் தாங்கும், புது விசிறி வாங்கிப் போடுவதே நல்லது. புரொசசரின் விசிறி ஓடாமல் கணினியைப் பாவிக்காதீர்கள்.

வேறு சத்தங்களும் உண்டு. படம் ஓடும்போதோ கேம் விளையாடும்போதோ மெல்லிய 'கீ' கேட்டால் அது கிராபிக்ஸ் அட்டையிலுள்ள கம்பிச்சுருள் அதிர்வது, ஆபத்தில்லை. திரை வராமல் 'பீப்' திரும்பத் திரும்ப அடித்தால் பெரும்பாலும் ரேம் என்ற நினைவக அட்டை. கழற்றி, அதன் தொடுமுனையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் இரைந்தால் ஸ்பீக்கரை நிறுத்திப் பாருங்கள், அதற்குமேல் கணினியைத் தேட வேண்டியதில்லை.

டிஸ்க்தான் என்று உறுதியானால் அதற்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். அதில் சுற்றுகிற பாகமே இல்லை, சத்தமும் இல்லை. சாகும்போதும் சத்தம் போடாது என்பதால் வாரம் ஒருமுறை கொப்பி எடுக்கிற பழக்கம் கட்டாயம் வேண்டும். பழைய டிஸ்க்கைத் திருத்துகிற இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அதில் ஸ்கேன் ஆகி இருக்கும். கேட்டு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.