ஆஸ்லோவிலிருந்து ஹெல்சின்கிக்குக் காரில்: ஈ18 சாலையை நம்பிப் புறப்படலாமா?

கேள்வி: ஆஸ்லோவில் வசிக்கிறோம். டிசம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் எங்கள் மின்சாரக் காரில் ஹெல்சின்கி போக விரும்புகிறோம். வீட்டருகே போகும் ஈ18 நெடுஞ்சாலையே ஹெல்சின்கி வழியாக ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை நீள்வதாக வரைபடம் காட்டுகிறது. அதே சாலையில் போய்விடலாமா? பீட்டர்ஸ்பர்க்கையும் பார்க்க முடியுமா? இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் மைத்துனரும் தன் காரில் எங்களோடு சேர நினைக்கிறார். அவர் ஊரும் ஈ18இல்தான் இருக்கிறதாம். (ஆஸ்லோ வாசகர்)

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் சாலையிலிருந்து திட்டமிடத் தொடங்காதீர்கள், கப்பலிலிருந்து தொடங்குங்கள். எந்தத் துறைமுகத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்குக் கப்பல் ஏறுகிறீர்கள் என்பது முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானே அமையும். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவதை நம்பிப் புறப்படுகிறவர்கள்தான் இந்த வழியில் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

ஐரோப்பியச் சாலைகளுக்கு இன்றுள்ள ‘ஈ’ எண்கள் 1975இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தத்தின்படி வந்தவை. கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அந்தக் கணக்கில் ஈ18 வட அயர்லாந்தின் கிரெய்காவனில் தொடங்கி, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, நார்வே, சுவீடன், பின்லாந்து வழியாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முடிகிறது. மொத்தம் சுமார் 1,900 கிலோமீட்டர். நடுவே மூன்று இடங்களில் கடல் குறுக்கிடுகிறது. எண் தொடர்கிறது என்பதற்காக அங்கெல்லாம் கப்பலும் ஓடுகிறது என்று பொருளில்லை.

உங்கள் வழியில் வருவது பால்டிக் கடல். ஒப்பந்தத்தின்படி ஈ18 ஸ்டாக்ஹோமைத் தாண்டி வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள கப்பெல்ஷேர் துறைமுகம் வரை போய், ஓலந்து தீவுகள் வழியாகப் பின்லாந்தின் துர்க்கு, நான்தாலி துறைமுகங்களில் மீண்டும் கரையேறுகிறது. கப்பெல்ஷேரிலிருந்து நான்தாலிக்கு ஃபின்லைன்ஸ் கப்பல்கள் போகின்றன. சரக்கு லாரிகளே அதிகம் ஏறும் தடம் இது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஸ்டாக்ஹோம் நகரத் துறைமுகத்திலிருந்து துர்க்கு போகும் இரவுக் கப்பலை. வைக்கிங் லைன் நிறுவனம் இயக்குகிறது. இரவு எட்டு மணியளவில் ஏறினால் காலை ஏழு மணியளவில் துர்க்கு. பின்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால் உங்கள் உடம்புக்கு அது காலை ஆறு மணி. பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வைத்துவிடுங்கள். ஹெல்சின்கிக்கே நேராகப் போகும் கப்பலும் உண்டு. பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும். சாலையே வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் பின்லாந்துப் பகுதிதான் இந்த வழியிலேயே ஓட்டுவதற்கு இதமான சாலை. அதைத் தவறவிட வேண்டாம் என்பேன்.

நள்ளிரவு தாண்டியோ விடியற்காலையிலோ கப்பல் ஓலந்தில் சில நிமிடங்கள் நின்று புறப்படும். ஏறுவோர் இறங்குவோர் சிலரே இருந்தாலும் நிற்கும். ஓலந்து பின்லாந்துக்கு உட்பட்டதுதான் என்றாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒன்றிய நாடுகளுக்கு இடையேயான வரியில்லா விற்பனை 1999இல் நிறுத்தப்பட்டது. ஓலந்தைத் தொட்டுப் போகும் கப்பல்களில் மட்டும் அது இன்றும் சட்டப்படி நடக்கிறது. இத்தனை பெரிய கப்பல்கள் இந்தத் தடத்தில் ஓடுவதற்கு அந்தக் கடைகளின் வருமானம் முக்கியக் காரணம். ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: கப்பலில் மது அருந்துகிறவர் காலையில் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கார்கள் இறங்கும் இடத்திலேயே போலீஸார் மூச்சுச் சோதனை நடத்துவது வழக்கம். இரத்தத்தில் மதுவின் வரம்பு நார்வே, சுவீடனில் 0.2 புரோமில் (அதாவது ஆயிரத்தில் 0.2 பங்கு), பின்லாந்தில் 0.5.

முன்பதிவில் காரின் உயரத்தைக் கேட்பார்கள். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் அதையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள். கடலில் போகும்போது கார்த் தளம் பூட்டப்பட்டிருக்கும். அம்மாவின் மருந்து, இரவு உடுப்பு, பிள்ளைகளின் தின்பண்டம் எல்லாவற்றையும் தனிப் பையில் மேலே எடுத்துச் செல்ல வேண்டும். கப்பலின் ஆட்டத்தில் காரின் திருட்டு அலாரம் அலறக்கூடும், அணைத்துவிடுங்கள். டிசம்பர் 24, 25 தேதிகளில் கால அட்டவணை மாறிவிடும், அதனால் 27க்குப் பிறகு பதிவு செய்வது நிம்மதி.

இனி சாலை. ஆஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோம் சுமார் 520 கிலோமீட்டர், கோடையில் ஆறு மணி நேரம். டிசம்பர் கடைசியில் ஆஸ்லோவில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் உதித்து மூன்று மணி கழிந்ததும் மறைந்துவிடும். மின்சாரக் காரின் ஓட்டதூரம் கடுங்குளிரில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். எனவே அதே நாளில் போய் அன்றிரவே கப்பல் ஏறும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பனிப்புயல் வந்தால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. முதல் நாள் வழியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கார்ல்ஸ்டாட் தாண்டி எரேப்ரூ வரை போய்த் தங்குங்கள். ஆற்றின் நடுவே கோட்டை நிற்கும் அழகான ஊர். மறுநாள் மீதி 200 கிலோமீட்டர்தான்.

எல்லையில் எர்யே சுங்க நிலையத்தைத் தாண்டியதும் தக்ஸ்ஃபோர்ஸ். நார்வேக்காரர்கள் மலிவு விலைக்குப் பொருள் வாங்க வரும் ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து கார்ல்ஸ்டாட் வரை காடும் ஏரியுமான வெர்ம்லாந்து மாவட்டம். சுவீடனில் ஈ18இன் பல நீளங்கள் மூன்று தடச் சாலைகள். நடுவில் கம்பித் தடுப்பு, முந்துவதற்கான கூடுதல் தடம் ஒருமுறை உங்கள் பக்கம், அடுத்த முறை எதிர்ப்பக்கம். சாலை மரணமே இருக்கக் கூடாது என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் எடுத்த முடிவுக்குப் பின் இத்தகைய சாலைகள் நாடெங்கும் பெருகின. நேருக்கு நேர் மோதலை இந்தக் கம்பி வெகுவாகக் குறைத்திருக்கிறது. அதன் மறுபக்கம், ஒற்றைத் தடத்தில் பனி அள்ளும் வண்டி முன்னே போனால் பின்னாலேயே போக வேண்டியதுதான். பொறுத்திருங்கள், சற்றுத் தூரத்தில் இரண்டாம் தடம் வந்துவிடும்.

காட்டுப் பகுதியில் விடியலிலும் அந்தியிலும் எல்க் மான் சாலைக்கு வரும். உயரமான கால்கள் என்பதால் மோதினால் அதன் உடல் நேராகக் கண்ணாடியின்மேல் விழும். வேலி முடியும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். ஒருவேளை மோதிவிட்டால், விலங்கு ஓடிப்போயிருந்தாலும் 112ஐ அழைத்துச் சொல்வதும் இடத்தை அடையாளமிட்டு வைப்பதும் சுவீடனில் சட்டக் கடமை.

டயர் விஷயத்தில் சமரசமே கூடாது. சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். பின்லாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை, சாலை நிலை கோரும்போது கட்டாயம். மலையும் பனிப்படிகமும் வரைந்த முத்திரை உங்கள் டயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி பதித்த டயர் மூன்று நாடுகளிலும் அந்த மாதங்களில் செல்லும். ஆனால் ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்காத்தான் தெருவில் அதற்குத் தடை உண்டு.

சாலைக் கட்டணம் உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. எல்லை தாண்டிய பின் சுவீடனின் ஈ18இலும் பின்லாந்திலும் கார்களுக்குக் கட்டணச் சாவடி கிடையாது. இருப்பது ஸ்டாக்ஹோமின் நெரிசல் வரி. வார நாட்களில் காலை ஆறு முதல் மாலை ஆறரை வரை வசூலிக்கிறார்கள். 2015 முதல் வெளிநாட்டுக் கார்களுக்கும் உண்டு, கேமரா எண்ணைப் படித்து வீட்டுக்கு ரசீது வரும். ஈ18 நகரின் வடக்கே ஒதுங்கிப் போவதால் கப்பெல்ஷேர் போகிறவர் இந்த வரியில் சிக்குவதில்லை. நகரத் துறைமுகம் போகும் நீங்கள் மாலை ஆறரைக்குப் பின் நுழைந்தால் தப்பலாம். அதற்காகக் கப்பலின் பதிவு நேரத்தைத் தவறவிடாதீர்கள், வரி சிறிய தொகைதான்.

துர்க்குவிலிருந்து ஹெல்சின்கி சுமார் 165 கிலோமீட்டர் மோட்டார் சாலை, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2009இல் முழுமையடைந்த இந்தச் சாலையில் முர்லா, லோயா ஊர்களுக்கு இடையே மட்டும் ஏழு குகைப்பாதைகள் வருகின்றன. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். கோடையில் 120 வேகம் அனுமதித்த சாலையில் குளிர்காலத்தில் 100தான். பின்லாந்தில் வரம்பை 20 கிலோமீட்டருக்கு மேல் மீறினால் வருமானத்தைக் கணக்கிட்டு அபராதம் விதிப்பார்கள், ஜாக்கிரதை.

பீட்டர்ஸ்பர்க் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஈ18 ரஷ்யாவுக்குள் நுழையும் வாலிமா சோதனைச் சாவடியைப் பின்லாந்து 2023 நவம்பரில் மூடியது. தொடர்ந்து கிழக்கு எல்லைச் சாலைகள் எல்லாமே மூடப்பட்டன, 2024 ஏப்ரலில் அது காலவரையற்றதாக நீட்டிக்கப்பட்டது. ஹமினாவிலிருந்து வாலிமா வரை புது மோட்டார் சாலை திறந்தது 2018இல்தான். எல்லைப் போக்குவரத்துக்காகவே கட்டிய சாலை இன்று வெறிச்சோடிக் கிடப்பது வருத்தம் தருகிறது. ஆனாலும் ஒரு நாள் மிச்சமிருந்தால் அந்தத் திசையில் ஹமினா வரை போய் வாருங்கள். எண்கோண வடிவில் தெருக்கள் அமைந்த பழைய கோட்டை நகரம் அது. வழியில் போர்வோவின் மரவீடுகளையும் பார்க்கலாம்.

அம்மாவிடம் இருப்பது நார்வே வழங்கிய ஷெங்கன் சுற்றுலா விசா என்றால் சுவீடன், பின்லாந்து இரண்டுக்கும் அதுவே போதும். விசா முடியும் தேதியையும் அனுமதித்த நாட்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லையில் நிறுத்தாமல் விட்டாலும் எல்லோருடைய கடவுச்சீட்டும், நார்வே குடியுரிமை இல்லாதவர்களின் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

மைத்துனருக்கு ஈ18 உதவாது. பிரிட்டனில் ‘ஈ’ எண்களைச் சாலைப் பலகைகளில் எழுதுவதே இல்லை. நியூகாசிலிலிருந்து நார்வேயின் கிறிஸ்டியான்சாண்டுக்குப் போன பயணிகள் கப்பல் 2006இலும், பெர்கனுக்குப் போனது 2008இலும் நின்றுவிட்டன. இன்று அவர் நியூகாசிலில் ஆம்ஸ்டர்டாம் கப்பலைப் பிடித்து, ஜெர்மனி, டென்மார்க் வழியாக அதன் வடகோடியில் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகம் வரை ஓட்டி, அங்கிருந்து நார்வேயின் லார்விக்குக்கோ கிறிஸ்டியான்சாண்டுக்கோ கப்பல் ஏற வேண்டும். குளிர்காலத்தில் வலப்பக்க ஸ்டீயரிங் காரோடு இத்தனை தூரம் வேண்டாம் என்பதே என் கருத்து. அவரை விமானத்தில் ஆஸ்லோவுக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் காரில் ஆறாவது ஆளுக்கு இடமில்லை என்றால் அவர் நேராக ஹெல்சின்கிக்குப் பறந்து உங்களைச் சந்திக்கட்டும். தன் காரில்தான் வருவேன் என்றால் முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி ஒட்டுவில்லையை ஒட்டிக்கொண்டு, குளிர்கால டயரும் மாற்றிய பிறகே புறப்பட வேண்டும். பிரிட்டனில் பலர் ஆண்டு முழுவதும் கோடை டயரிலேயே ஓட்டுகிறார்கள்.