புயல் சீசனுக்கு முன் ஒரு கேள்வி பதில்: புயல் பின்னால் அலைபவன் எழுதுவது

சீசன் நெருங்க நெருங்க எனக்கு வரும் கேள்விகளும் பெருகும். இந்த முறை அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் முதலிலேயே: நான் புயலைப் பின்தொடர்பவன், எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரி அல்ல. வெளியேறச் சொல்லி அரசு அறிவித்தால், நான் எழுதியதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

சீசன் எப்போது தொடங்குகிறது? அதுவரை சும்மா காத்திருக்க வேண்டியதுதானா?

எந்தக் கடல் என்பதைப் பொறுத்தது. அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி. ஆஸ்திரேலியப் பக்கம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். மேற்கு பசிபிக்கில் வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் வரும். வங்கக் கடலுக்கு இரண்டு சீசன்: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று கீழே ஒரு பக்கமும், மேலடுக்கில் காற்று அதற்கு நேர் எதிர்ப் பக்கமும் வலுவாக வீசுவதால், மழை எவ்வளவு கொட்டினாலும் பெரும் புயல் எழுவது அபூர்வம்.

காத்திருப்பதிலும் வேலை இருக்கிறது. மேடன்-ஜூலியன் அலைவு என்று ஒன்று உண்டு. பெரிய மேகக்கூட்டமும் மழையும் சேர்ந்த ஒரு அலை, பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, 30 முதல் 60 நாட்களில் ஒரு சுற்று வரும். அது எந்தக் கடலுக்கு மேல் இருக்கிறதோ அங்கே புயல் உருவாக வாய்ப்பு கூடும். சீசனுக்கு முந்தைய வாரங்களில் என் வேலையே அந்த அலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான். அது கடந்து போய்விட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த வருடம் எத்தனை புயல் வரும்?

எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை. 1992ல் அட்லாண்டிக் சீசன் மந்தமாகத்தான் இருந்தது. முதல் பெயர் பெற்ற புயலே ஆகஸ்டில்தான் வந்தது. அதன் பெயர் ஆண்ட்ரூ. காற்று வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் மிக வலுவான ஐந்தாம் வகைப் புயலாக, ஃப்ளோரிடாவின் தென்பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது.

சார், பத்து நாளுக்கு முன்பே ஒரு மாடல் 930 மில்லிபார் புயலைக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் படம் பறக்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். மில்லிபார் என்பது மையத்தின் காற்றழுத்தம்; எண் குறையக் குறையப் புயல் வலுவானது. அந்தப் படம் பெரும்பாலும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலை மாடலின் ஒரே ஒரு ஓட்டம். அது ஒரு நாளில் நான்கு முறை ஓடுகிறது. அடுத்த ஆறு மணி நேரத்தில் அதே புயல் வேறு நாட்டின் கரைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் காணாமலே போயிருக்கும். ஆனால் முதல் படம் மட்டும் ஒரு வாரத்துக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் பார்ப்பது ஒரு கோட்டை அல்ல, கோடுகளின் கூட்டத்தை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அதில் நாலைந்து மட்டும் புயலைக் காட்டினால் நான் கவனித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். நாற்பது காட்டினால் வண்டிக்குப் பெட்ரோல் போடுவேன். இன்னொன்று: தாழ்வுப் பகுதிக்கு ஒரு தெளிவான மையம் உருவாகும் வரை எந்த மாடலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறும். மையம் அமைந்த பிறகு வரும் பாதைக் கணிப்புக்குத்தான் மதிப்பு.

பாதை ஒரு பக்கம், வலிமை இன்னொரு பக்கம். பாதையைச் சொல்வதில் கடந்த முப்பது வருடங்களில் பெரிய முன்னேற்றம். வலிமையில் அப்படிச் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் என்ற புயல், ஒரே நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து ஐந்தாம் வகைக்கு ஏறி, மெக்சிகோவின் அகாபுல்கோவை அடித்தது. முக்கிய மாடல்கள் எதுவும் அதைப் பிடிக்கவில்லை. ஊர் படுக்கப் போனபோதுதான் நிலைமையின் தீவிரமே வெளியே தெரிந்தது. 24 மணி நேரத்தில் காற்று 30 நாட், அதாவது மணிக்கு 55 கிமீ கூடினால் அதைத் துரித வலுப்பெறல் என்போம். என்னைப் பயமுறுத்துவது அதுதான். புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் பாதையில் நன்றாகவே செய்கின்றன. வலிமையைப் பல சமயம் குறைத்தே சொல்கின்றன.

கடல் 30 டிகிரி சூடாக இருக்கிறது, ஆனாலும் புயல் வரவில்லையே, ஏன்?

சுமார் 26.5 டிகிரிக்கு மேல் கடல் சூடாக இருக்க வேண்டும் என்பது தேவைகளில் ஒன்று மட்டுமே. அந்தச் சூடு மேல்பரப்போடு நின்றுவிடாமல் ஆழத்துக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் புயலே கடலைக் கலக்கி, அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும். மெதுவாக நகரும் புயல்கள் இப்படிப் பலவீனமாவதை அடிக்கடி பார்க்கலாம்.

அப்புறம் காற்று முறிவு. கீழடுக்கிலும் மேலடுக்கிலும் காற்றின் திசையோ வேகமோ பெரிதாக மாறுபட்டால் புயலின் தூண் சாய்ந்துவிடும். சாய்ந்த பம்பரம் எத்தனை நேரம் சுற்றும்? சாட்டிலைட் படத்தில் மேகமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, சுழற்சியின் மையம் மொட்டையாக வெளியே தெரிந்தால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்து நிலத்திலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும் கதை முடிந்தது.

பூமத்திய ரேகையில் ஏன் புயல் வருவதில்லை?

பூமி சுழல்வதால் காற்றைத் திருப்பும் கோரியோலிஸ் விசை அங்கே கிட்டத்தட்ட இல்லை, சுழற்சி தொடங்காது. பொதுவாக ஐந்து டிகிரி அட்சரேகைக்கு அப்பால்தான் உருவாகும். விதிவிலக்கு, 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே சுமார் 1.4 டிகிரி வடக்கில் உருவான வாமெய்.

நடுக்கடலில் காற்று 200 கிமீ வேகம் என்கிறார்கள். அங்கே போய் யார் அளந்தது?

பெரும்பாலும் யாரும் அளக்கவில்லை. 1970களில் வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர், சாட்டிலைட் படத்தில் மேகம் அமைந்திருக்கும் விதத்தை வைத்தே வலிமையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். புயலின் கண், அதாவது நடுவிலுள்ள அமைதியான மையம், எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது, சுற்றியுள்ள மேக வளையம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற வித்தியாசத்தில் இருந்து ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு ஒரு காற்று வேகம். உலகின் பெரும்பாலான கடல்களில் இன்றும் இதுதான் அடிப்படை.

நான் அதிகம் நம்புவது மைக்ரோவேவ் படங்களை. சாதாரணப் படத்தில் மேலே படர்ந்த வெண்மேகம் எல்லாவற்றையும் மூடிவிடும். மைக்ரோவேவ் அதை ஊடுருவி உள்ளே கண்ணைச் சுற்றிய மேக வளையமான கண்சுவர் உருவாகிறதா என்று காட்டிவிடும். வெளியே பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும் புயல், உள்ளே முழு வளையம் கட்டியிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் வேகமெடுக்க வாய்ப்பு அதிகம்.

அட்லாண்டிக்கில் விமானமே உள்ளே போகும். 1943 ஜூலை 27 அன்று ஜோசப் டக்வொர்த் என்ற விமானப்படை அதிகாரி பயிற்சி விமானம் ஒன்றில் டெக்சாஸ் அருகே புயலுக்குள் பறந்து திரும்பியதில் தொடங்கிய வழக்கம் அது. ஆபத்து குறைந்த வேலை இல்லை. 1989ல் ஹியூகோ புயலின் கண்சுவரில் சுமார் 450 மீட்டர் உயரத்தில் நுழைந்த ஆய்வு விமானத்தின் ஒரு இன்ஜின் நின்றுபோனது. கண்ணுக்குள்ளேயே வட்டமடித்து உயரம் ஏறித்தான் தப்பினார்கள்.

ஒரே புயலுக்கு ஆளுக்கொரு வேகம் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி?

எல்லோரும் சரிதான். அமெரிக்கா ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறது, இந்தியா மூன்று நிமிடம், ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பத்து நிமிடம். நேரம் குறையக் குறைய எண் கூடும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே மையத்தின் எண்ணையே தொடர்ந்து பாருங்கள்.

அண்ணா, புயல் கரையைக் கடக்கும்போது எங்கே நிற்பீர்கள்? பயமாக இல்லையா?

காற்றைப் பற்றி எனக்குப் பயம் குறைவு. உறுதியான கான்கிரீட் கட்டடம், ஜன்னலிலிருந்து தள்ளி ஒரு இடம் கிடைத்தால் காற்றைச் சமாளித்துவிடலாம். தண்ணீரைச் சமாளிக்க முடியாது. அதனால் இடம் தேடும்போது நான் முதலில் கேட்பது, இந்த நிலம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைத்தான். கட்டடத்தின் பலம் அடுத்த கேள்வி.

வடகோளத்தில் புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் பாதைக்கு வலப்பக்கம் காற்று கூடுதல். கடலைக் கரைக்குத் தள்ளுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். தென்கோளத்தில் இடப்பக்கம். கடல் ஆழம் குறைவாகவும், கரை புனல் மாதிரிக் குறுகியும் இருந்தால் நீர்மட்டம் பயங்கரமாக ஏறும். வங்கக் கடலின் வடக்கு முனை அப்படிப்பட்டது. 1970ல் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்ததற்கும், 2008ல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் நர்கீஸ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதற்கும் முதன்மைக் காரணம் கடல் உள்ளே ஏறியதுதான். இதற்கு மருந்து சீக்கிரம் வெளியேறுவது. ஒடிசாவில் 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013ல் அதே கரைக்கு ஃபைலின் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது.

என் சொந்த விதிகள் சில. காற்று மணிக்கு 60 கிமீ தொடும் முன் வண்டியை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு சாலையில் இருப்பது முட்டாள்தனம். நிறுத்தும் இடம் பல அடுக்குப் பார்க்கிங்கின் மேல் மாடியாக இருக்கும், ஆனால் மொட்டைத் தளமாக இருக்காது. மூன்று நாளுக்கான தண்ணீர், மர அறுவை இயந்திரம், முதலுதவிப் பெட்டி, காற்றழுத்தத்தை அளக்கும் அழுத்தமானி. மீட்புக் குழுவுக்குச் சுமையாக மாற மாட்டேன் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் போகவே மாட்டேன். ஆசை யாரை விட்டது என்பீர்கள். போகாமல் திரும்புவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

கண்ணுக்குள் நின்றிருக்கிறீர்களா? நிஜமாகவே அமைதியாக இருக்குமா?

நின்றிருக்கிறேன். காற்று சில நிமிடங்களில் அடங்கிவிடும், காது அடைத்துக்கொள்ளும், சில சமயம் வானம் தெரியும், சிக்கிக்கொண்ட கடல்பறவைகள் சுற்றும். நான் அப்போது அழுத்தமானியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் மிகக் குறைந்த அழுத்தம் பதிவாகும் நேரம் அது. அளவைக் கருவி இல்லாத கரைகளில், தரமான கருவியில் நேரத்தோடு குறித்த ஒரு எண் பின்னாளில் புயலை மறுஆய்வு செய்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

40 கிமீ அகலக் கண், மணிக்கு 20 கிமீ நகர்ந்தால், மையம் நேராகக் கடக்கும் இடத்தில் இரண்டு மணி நேர அமைதி. 2005ல் வில்மாவுக்கு இருந்த மாதிரி நாலு கிமீகூட இல்லாத ஊசிக்கண் என்றால் மூச்சு விடக்கூட நேரமில்லை. புயல் முடிந்தது என்று வெளியே வருபவர்களை மறுபக்கக் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். தயவுசெய்து உள்ளேயே இருங்கள்.

இது வெறும் பலவீனமான புயல்தானாமே, கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

வகை எண் காற்றை மட்டும் சொல்கிறது, மழையைச் சொல்லவில்லை. மழைக்கு முக்கியம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எந்த மலையில் மோதுகிறது என்பது. 2017ல் ஹார்வி டெக்சாஸில் வலுவிழந்த பிறகு நாட்கணக்கில் நின்றபடி கொட்டியது. ஓரிடத்தில் 1,500 மிமீக்கு மேல் பதிவானது. 2007ல் கமீட் என்ற புயல் ரீயூனியன் தீவின் மலையில் 72 மணி நேரத்தில் 3,929 மிமீ கொட்டியது. உலக சாதனை அது.

இரண்டு புயல்கள் பக்கத்தில் வந்தால் ஒன்று சேர்ந்து ராட்சசப் புயல் ஆகிவிடுமா?

ஆகாது. ஒன்றையொன்று சுற்றும், பெரும்பாலும் சிறியது சிதைந்து பெரியதில் கரைந்துவிடும். 1921ல் இதை விளக்கிய ஜப்பானியர் ஃபுஜிவாராவின் பெயரில் அழைக்கிறார்கள். பாதைக் கணிப்புதான் தலைவலியாகும்.

அமெரிக்காவில் டொர்னேடோ என்ற சுழல்காற்றைத் துரத்துபவர்களும் நீங்களும் ஒரே ரகமா?

இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை சமவெளியில் அவர்கள் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நான் ஒரு நாள் முன்பே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவேன், அப்புறம் தப்பிக்க வழி இல்லை. டிம் சமாரஸ் என்ற பொறியாளர் 2003ல் தெற்கு டகோட்டாவில் டொர்னேடோவின் பாதையில் கருவி வைத்து, சுமார் 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தவர். அந்தத் துறையிலேயே மிக நிதானமானவர் என்று பெயர். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 4.2 கிமீ அகலத்துக்கு விரிந்த டொர்னேடோ திடீரென்று திசையும் வேகமும் மாற்றியதில் அவரும், மகனும், சக ஆய்வாளரும் இறந்தார்கள்.

புயல் பெயர்ப் பட்டியலில் தமிழ்ப் பெயர் உண்டா?

உண்டு. வட இந்தியப் பெருங்கடலுக்கு 2020ல் 13 நாடுகள் கொடுத்த 169 பெயர்களில், இந்தியா கொடுத்ததில் மூன்றாவது முரசு.

பிளஸ் டூ படிக்கிறேன் அண்ணா. நானும் துரத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, முதல் இரண்டு சீசன் வீட்டை விட்டு நகராதே. தினமும் சாட்டிலைட் படத்தைத் திறந்து, சுழற்சியின் மையம் எங்கே என்று நீயே குறி. பிறகு வானிலை மையம் அறிவிக்கும் இடத்தோடு ஒப்பிட்டுப் பார். ஜப்பானின் ஹிமவாரி வானிலை சாட்டிலைட்டின் பத்து நிமிடப் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணிதமும் இயற்பியலும் விடாதே. முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள். கேமராவுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் ஒரு நல்ல அழுத்தமானி வாங்கி, வீட்டில் வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குறித்துவா. புயலே இல்லாத நாளிலும் அழுத்தம் தினம் இரண்டு முறை ஏறி இறங்குவது தெரியும்.