சினிமா சாராத சுயாதீன ஆல்பங்கள் உங்களிடம் என்னென்ன உள்ளன? புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

என் அலமாரியில் பங்க் ராக், சஹாரா கிடார், தமிழ் ராப், எத்தியோப்பிய அக்கார்டியன் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். பார்ப்பவர்கள் 'உனக்கு என்னதான் பிடிக்கும்?' என்று கேட்பார்கள். நான் வகை பார்த்து வாங்குவதில்லை. கம்பெனி இல்லாமல், பெரிய செலவு இல்லாமல், கையில் இருந்ததை வைத்து ஒருவர் செய்திருக்கிறார் என்பது பாட்டைக் கேட்கும்போதே தெரிய வேண்டும். தெரிந்தால் வாங்கிவிடுவேன்.

இந்தக் கிறுக்கு பிடிக்கக் காரணம் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு. 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற நான்கு பாட்டு இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். கடன் வாங்கிய 500 பவுண்டில் அடித்தது 1000 தட்டு; கடைசியில் சுமார் 16,000 விற்றது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), மேலே கிடார் சேர்த்ததா இல்லையா என்பதையெல்லாம் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். பெரும்பாலும் முதல் டேக்தான். ஒரு பாட்டில் கிடார் சோலோ மொத்தமும் இரண்டே சுரம். என்னிடம் இருப்பது மறுபதிப்பு. முதல் பதிப்பின் விலையை வீட்டில் சொல்ல முடியாது.

ஹைலு மெர்ஜியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவின் வாலியாஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 1981இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போன குழுவில் சிலர் ஊர் திரும்ப, இவர் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். 1985இல் ஒரு சிறிய ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து அக்கார்டியன், எலக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர், டிரம் மெஷின் எல்லாவற்றையும் தானே வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். அது எத்தியோப்பியாவில் கேசட்டாக விற்றது. பிறகு அவர் டாக்சி ஓட்டப் போய்விட்டார். டிக்கியில் ஒரு கீபோர்டு எப்போதும் இருக்குமாம். விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வாசிப்பாராம். 'ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' என்ற இசை வெளியீட்டு லேபிளை நடத்துபவர் எத்தியோப்பியாவில் ஒரு கடையில் அந்தக் கேசட்டை வாங்கி, ஆளைத் தேடிப் பிடித்து, 2013இல் மறுபடி வெளியிட்டார். மெர்ஜியா மேடைக்குத் திரும்பி, 2018இல் 'லாலா பெலு' என்று புதிய ஆல்பமும் தந்தார். அந்த 1985 பதிவில் டிரம் மெஷின் அசையாமல் ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் அக்கார்டியன் அவசரமில்லாமல் இழையும். ஆள் வைத்து டிரம்ஸ் வாசித்திருந்தால் இந்தத் தனிமை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்ஃபோன்ஸ்'. நம் ஊர் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்களே, அதே கதைதான் மாலி நாட்டின் வடக்கிலும். கைபேசியிலிருந்து கைபேசிக்கு ப்ளூடூத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டுகளைத் தொகுத்து சாஹெல் சவுண்ட்ஸ் லேபிள் வெளியிட்டது. நைஜர் நாட்டின் மடூ மோக்தார் வெளியுலகுக்குத் தெரிய வந்தது இதில்தான். சைக்கிள் பிரேக் கம்பியைத் தந்தியாகக் கட்டி முதல் கிடாரைச் செய்துகொண்டவர் அவர். குரலில் ஆட்டோடியூன் (சுரத்தைத் திருத்தும் மென்பொருள்), ஒலியில் மட்டமான எம்பி3 கரகரப்பு. எனக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும்.

எல்லாச் சுயாதீன இசையும் நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. வேண்டுமென்றே இரைச்சல் சேர்த்து ஏழ்மை வேஷம் போடுகிற ஆல்பங்கள் நிறைய வருகின்றன. மெட்டே இல்லாததற்குப் பட்ஜெட்டைக் காரணம் சொல்ல முடியாது.

இந்தியாவில் என்றால், டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு 1997 புத்தாண்டு நாளில் வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் வாசித்த நேரடிப் பதிவு, 'டெசர்ட் ரெயின்'. ஸ்டூடியோவில் செய்த 'கண்டிசா'வைத்தான் பலரும் புகழ்வார்கள். என் ஓட்டு இதற்கே.

தமிழில் 2006இல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திராவின் ராப் ஆல்பம் 'வல்லவன்' இருக்கிறது. அப்புறம் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் தந்த கோபமான 'தெருக்குரல்'. படத்துக்கு நடுவே இப்படிக் கோபப்பட ஒரு பாட்டுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும், சொல்லுங்கள். மாயாவின் (எம்.ஐ.ஏ.) 'அருளர்' 2005இல் லண்டனின் எக்ஸ்எல் லேபிளில் வந்தது. தமிழர் என்பதற்காக வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைத் தாளப்பெட்டியில் தட்டித் தட்டிப் பிறந்த பாட்டுகள் அவை. அடுத்த ஆல்பமான 'கலா'வுக்குச் சென்னை வந்து உறுமி மேளக்காரர்களைப் பதிவு செய்தார். அதற்குள் கையில் கொஞ்சம் காசும் வந்திருந்தது, கேட்டாலே தெரியும்.

வாங்குவது பெரும்பாலும் பேண்ட்கேம்பில், கலைஞர்களே நேரடியாக விற்கும் இணையதளத்தில். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், தட்டு, கேசட் போன்ற பொருட்களில் 10 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நான் அந்த நாட்களுக்காகவே பட்டியல் போட்டு வைத்திருப்பேன். வெளிநாட்டிலிருந்து தட்டு வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தொடும், எச்சரிக்கை.

சரி, எதில் தொடங்குவது? மெர்ஜியாவில். எத்தியோப்பிய இசை பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடப்பது. அங்கே திசிதா என்ற முறையின் ஒரு வடிவம் அப்படியே நம் மோகன ராகத்தின் சுரங்கள். அதனால் முதல் முறையே காது ஒட்டிக்கொள்ளும். பிறகு 'அருளர்', அப்புறம் சஹாரா. டெக்சாஸின் டேனியல் ஜான்ஸ்டன் வீட்டு டேப் ரெக்கார்டரில் உடைந்த குரலில் பாடி, ஊரெல்லாம் சும்மா கொடுத்த கேசட்டுகளும் என்னிடம் இருக்கின்றன, மறுபதிப்பாக. அவரைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால் மேலே சொன்ன எதையும் நம்ப மாட்டீர்கள்.