ஜப்பானிய கேம் கம்பெனி நிண்டெண்டோ, புது கேம்களைக் காட்டும் தன் 'டைரக்ட்' வீடியோ நிகழ்ச்சியில் அடுத்து என்ன அறிவிக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? லீக்குகளை, அதாவது முன்பே கசியும் தகவல்களை, நம்பலாமா?

ஓரளவு கணிக்கலாம். ஆனால் "என் ஆள் உள்ளே இருக்கிறான்" என்று அளந்துவிடுகிறவர்களை வைத்து அல்ல. நிண்டெண்டோ தன் வாயால் சொல்வதை ஒழுங்காகப் படித்தாலே பாதி தெரிந்துவிடும், அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

முதலில் டைரக்ட் வருகிறது என்று போடும் பதிவையே பாருங்கள். 2023 பிப்ரவரி 8 டைரக்டுக்கு, சுமார் 40 நிமிடம், அந்த வருடத்தின் முதல் பாதியில் வெளியாகும் தங்கள் ஸ்விட்ச் கன்சோலுக்கான கேம்கள்தான் முக்கியம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்த பிறகும் புது கன்சோலை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்காக ஆச்சரியமே இருக்காது என்றில்லை, மெட்ராய்டு பிரைம் ரீமாஸ்டர்டை அதே நிகழ்ச்சியில் காட்டி அன்றைக்கே விற்பனைக்கும் விட்டார்கள். அப்புறம், பெயரில் 'பார்ட்னர் ஷோகேஸ்' என்று இருந்தால் வருவது மற்ற கம்பெனிகளின் கேம்கள். மாரியோவைத் தேடாதீர்கள்.

அடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் நிதி அறிக்கை. எந்த கேம் எப்போது வரும் என்ற பட்டியல் அதிலேயே இருக்கும். 2024 மே 7 அன்று தலைவர் ஃபுருகாவா, ஸ்விட்சுக்கு அடுத்த கன்சோலை இந்த நிதியாண்டுக்குள் அறிவிப்போம், ஜூன் டைரக்டில் அதைப் பற்றிப் பேச மாட்டோம் என்று பச்சையாகவே எழுதினார். அவர்கள் நிதியாண்டும் நம்முடையதைப் போல மார்ச் 31-ல் முடிவது, ஆகவே கெடு 2025 மார்ச். ஸ்விட்ச் 2-ஐக் காட்டியது 2025 ஜனவரி 16 அன்று. நடுவில் "அடுத்த வாரம் உறுதி" என்று வந்த வதந்திகளையெல்லாம் துரத்தியதில் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதுதான் என்னைக் கேட்டால் உருப்படியான கணக்கு. மாரியோ வொண்டரை 2023 ஜூனில் காட்டி அக்டோபரில் விட்டார்கள். செல்டா எக்கோஸ் ஆஃப் விஸ்டம் 2024 ஜூனில் காட்டி செப்டம்பரில் வந்துவிட்டது. டாங்கி காங் பனான்ஸா 2025 ஏப்ரலில் அறிவிப்பு, ஜூலை 17 வெளியீடு. மூன்று நான்கு மாதம்தான். ஆகவே வெளியீட்டுப் பட்டியலை எடுத்து, ஐந்தாறு மாதத்துக்குள் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் புதிதாக ஏதாவது வந்து உட்காரும். விதிவிலக்கு மெட்ராய்டு பிரைம் 4. 2017 ஜூனில் வெறும் லோகோ, 2019 ஜனவரியில் நிண்டெண்டோ நிர்வாகி டகஹாஷி வீடியோவில் வந்து எல்லாவற்றையும் ரெட்ரோ ஸ்டுடியோஸோடு முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார், கடைசியில் வந்தது 2025 டிசம்பரில். அதில் சூடு பட்டதால்தானோ என்னவோ, இப்போதெல்லாம் சீக்கிரத்தில் வாயைத் திறப்பதில்லை.

சரி, லீக்குகள். வன்பொருள் லீக் என்றால் கொஞ்சம் காது கொடுப்பேன், ஏனென்றால் தொழிற்சாலை, உறை செய்கிறவன், கேபிள் செய்கிறவன் என்று பல கை மாறும் சமாச்சாரம் அது. ஸ்விட்ச் 2 அறிவிப்புக்குச் சில நாள் முன்பு லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் ஜென்கி என்ற துணைக்கருவி கம்பெனி அதன் மாதிரி வடிவத்தையே கொண்டுவந்து வைத்திருந்தது. (பின்னால் நிண்டெண்டோ அவர்கள் மேல் வழக்கும் போட்டது.) கேம் லீக் அப்படியில்லை. 2018 அக்டோபரில் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேமின் பேனர் என்று ஒரு அச்சகப் புகைப்படம் பரவியது. அச்சு இயந்திரம், ஒரு படத்தின் விளம்பரத் தாள்கள், பின்னால் அரைகுறையாகத் தெரியும் பேனரில் புதிதாகச் சேரும் பாத்திரங்கள் என்று ஷேடோ, ஜீனோ, பாஞ்சோ. விவரம் தெரிந்தவர்களே நம்பினார்கள். நவம்பர் 1 டைரக்டில் வந்தது கென், இன்சினரோர், கூடவே யாரும் கனவிலும் நினைக்காத ஒரு பிரானா செடி! கென் அந்தப் பேனரிலும் இருந்தான், ஆனால் இத்தனை பேரைச் சொன்னால் ஒன்றாவது பலிக்கத்தானே செய்யும்.

பிறந்தநாள் கணக்கையும் நம்பாதீர்கள். மாரியோவின் 35-க்கு 2020-ல் பழைய 3டி கேம்கள் மூன்றை ஒன்றாகக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் செல்டாவுக்கும் அப்படித்தான் என்று எல்லோரும் காத்திருந்தால் 2021 பிப்ரவரி டைரக்டில் செல்டா தயாரிப்பாளர் அவோனுமா வந்து, பிரெத் ஆஃப் தி வைல்டின் அடுத்த பாகத்தைப் பற்றி இப்போதைக்குச் செய்தி இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட் ஹெச்டியைக் காட்டினார். 2026-ல் செல்டாவுக்கு 40 வயது என்பதற்காக மட்டும் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

புது 3டி மாரியோ எப்போது என்றும் எல்லோரும் கேட்கிறார்கள். 2017-ல் மாரியோ ஒடிசியைச் செய்த அணிதான் பனான்ஸாவையும் செய்தது, அதை முடித்த கையோடு அவர்களே இன்னொரு பெரிய கேமைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறொரு அணி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தால்தான் உண்டு.