வெந்த சோறா, அரிசியா?

வணக்கம். பட்டினியில் இருப்பவர்களை நினைத்து ஒரு வாரம் எளிமையாகச் சாப்பிடலாம் என்று நண்பர்கள் ஐந்து பேர் முடிவெடுத்திருக்கிறோம். சோறும் உப்பும் மட்டும் என்பது யோசனை. வெறும் பாவனையாகிவிடுமோ என்று உறுத்துகிறது. எப்படிச் செய்யலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்,

சோறும் உப்பும் வேண்டாம், அது வறுமையைப் பற்றிய நம் கற்பனை. அகதி முகாம்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வழக்கமான பங்கு: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15, உப்பு 5. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சமைக்காத எடை. பலர் சறுக்குவது இங்கேதான். அரிசி வெந்தால் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகும்; வெந்த சோற்றை 400 கிராம் நிறுத்துச் சாப்பிட்டால் 500 கலோரி சொச்சம்தான் தேறும். மூன்றாம் நாள் யாராவது மயங்கி விழுவார்கள். எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். காலையிலேயே கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள், கண்ணளவில் ஊற்றினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற மசாலாப்பொடி கணக்கில் வராது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் நாள் தலை வலிக்கும். பசி என்று தோன்றும். பெரும்பாலும் காப்பி, தேநீர் நின்றதால் வருவது. முந்தின வாரமே படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காப்பிக்கான ஏக்கத்தை ஏழையின் வேதனை என்று எழுதிவைப்பீர்கள்.

பாவனை என்ற உறுத்தல் நியாயமானது. என்றைக்கு முடியும் என்று தெரிந்த பசி வேறு வகை. அதனால் ஐந்து பேர் பங்கையும் ஒரே பானையில் போடுங்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் பங்கு மூன்றில் ஒன்று குறையட்டும்: தானியம் 265, பருப்பு 40. எந்த நாள் என்பதைக் குழுவில் இல்லாத ஒருவர் முடிவுசெய்து, அன்று காலையில்தான் சொல்ல வேண்டும். இப்படி நடந்ததுண்டு: 2023இல் நிதி போதாமல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா அகதி முகாம்களில் உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உதவியை மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று குறைத்தது. யார் தட்டில் குறைப்பது என்று உங்களுக்குள் பேச வேண்டிவருமே, அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஏழு நாளில் தெரியாதது ஒன்று உண்டு. மலாவியில் இருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு 1990இல் மக்காச்சோளம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, நிலக்கடலை வரத்து தடைப்பட்டது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் எளிதில் சேராது; அதை ஈடுகட்டியது நிலக்கடலைதான். அது நின்றதும் நியாசின் குறைந்து சுமார் 18,000 பேருக்குப் பெல்லக்ரா வந்தது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியும் நோய். வயிறு நிறைகிறதா என்பதோடு கணக்கு முடிவதில்லை.

கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள் சேர வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தை வாரம் தொடங்குமுன்பே கணக்கிட்டு அனுப்பிவிடுங்கள். கடைசிவரை கையில் வைத்திருந்தால் எட்டாம் நாள் விருந்தில் கரைந்துவிடும்.