டிக் டிக் என்று அடிக்கும் ஹார்ட் டிஸ்க்: டேலி கணக்கு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கணக்கை எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். அன்று முதல் அந்த டிஸ்க்கில்தான் கணக்கு ஓடுகிறது. அது கீழே விழுந்து, இப்போது டிக் டிக் என்கிறது. ஒரு கடைக்காரர் எட்டாயிரம் கேட்கிறார், திறந்து பார்க்கிறாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் கேபிளைக் கழற்றுங்கள். படிக்கும் ஹெட் இடம் பிடிக்க முடியாமல் அடித்துக்கொள்ளும் சத்தம் அது. ஒவ்வொரு முறை செருகும்போதும் அடிபட்ட ஹெட், தகவல் பதிந்திருக்கும் தட்டின் பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிப்போன இடத்திலிருந்த கணக்கை எந்த லேபும் மீட்காது. ஃப்ரீஸரில் வைக்கச் சொல்லும் வீடியோ வைத்தியமும் வேண்டாம். உள்ளே ஈரம் கோத்துவிடும்.

ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். வற்றல் மூட்டை இறங்கும் தெருவில், கடை மேஜைமேல் மூடியைத் திறப்பவர் ரிப்பேர் செய்யவில்லை, டிஸ்க்கைக் கொல்கிறார். இதைத் தூசியில்லா அறையில்தான் திறக்க வேண்டும். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்துவார்கள். ‘போர்டை (டிஸ்க்கின் சர்க்யூட் பலகையை) மாற்றினால் போதும்’ என்பவரையும் நம்பாதீர்கள். அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பை மாற்றி ஒட்டாமல் புது போர்டு பெரும்பாலும் வேலை செய்யாது.

‘ரெக்கவரி’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் பல வெறும் வசூல் மையங்கள். டிஸ்க்கை வாங்கி வெளியூர் லேபுக்கு கூரியர் போட்டுவிட்டு, மேலே தன் பங்கை வைப்பார்கள். வேலை எங்கே நடக்கும், திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு, கணக்கு வராவிட்டால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சீரியல் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மீட்ட ஃபைல் பட்டியலைக் காட்டிய பிறகே மீதிப் பணம். வாரண்டிக்கு அனுப்பினால் புது டிஸ்க் வரும். கணக்கோடு பழையது போயே போய்விடும். கணக்குக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம்!

ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அந்த லேப்டாப். இனி அதை ஆன் செய்யாதீர்கள். மாடல் எண்ணைச் சொல்லி, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று விசாரியுங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், சாதாரண ஃபார்மட், எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணையைத்தான் அழித்திருக்கும். புது விண்டோஸும் ஒரு மாத உபயோகமும் மேலே எழுதிய இடம் போக, மீதி அப்படியே கிடக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முழு நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேட வேண்டும். மென்பொருளை அதே டிஸ்க்கில் ஏற்றினால், தேடும் கணக்கின்மேலேயே அது உட்கார்ந்துவிடும். 10000 போல வெறும் எண்ணே பெயரான டேலி ஃபோல்டர், அந்தப் பெயரோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். பெயரில்லாத துண்டுகளாக வந்தால் போட்டோவும் பிடிஎஃப்பும் திறக்கும், டேலி திறக்காது. எஸ்எஸ்டியாக இருந்தால் ஆசையை விடுங்கள். ஃபார்மட் ஆனதுமே ட்ரிம் என்ற ஏற்பாடு காலி இடத்தைத் துடைத்துவிடும். ‘எஸ்எஸ்டியிலும் எடுத்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன் ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஆண்டுக் கணக்குக்காக அனுப்பிய டேலி பேக்கப் அவரிடம் இருக்கலாம். தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1ஐ (விற்பனை விவர ரிட்டர்ன்) ஜிஎஸ்டி போர்ட்டலில் இறக்கலாம். ரிட்டர்ன் நெருக்கடியான 11, 20 தேதிகளை ஒட்டிப் போகாதீர்கள், போர்ட்டல் திணறும். கணக்கை, அந்த ஆண்டின் ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். ஃபார்மட் போடுபவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

இனிமேல் பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க் வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். கூகுள் டிரைவ் சிங்க்கை மட்டும் நம்பாதீர்கள், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மாதம் ஒரு முறை அந்த பேக்கப்பை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, க்ளோசிங் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.